அழகம்மாவின் பிஸ்கட் டின்

வட்டவளை
ஞாயித்துக்கெழம

அன்பு மக தனுஷிகாவுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் அப்பாவும் உசுரோட இருக்கோம், இந்தத் தடவ அத வழக்கத்துக்கு எழுதல, நெசமாவே எழுதுறேன். நீ அங்க டோஹாவுல நல்லா இருக்கியானு கேக்கத்தான் இந்தக் காயிதம். போன் இருக்கப்ப எதுக்குக் காயிதம்னு நீ நெனைப்ப. போன்னா சிக்னலுக்காக குழாயடி மேட்டுல ஏறி நின்னு கத்தணும், நான் கத்துறத லயத்துல எட்டு வீடும் அடுப்ப அணைச்சிட்டு வந்து கேக்கும். றோசலின் அக்கா மக அனோஜா லீவு முடிஞ்சு நாளைக்கு அங்க திரும்புறா, அவ கையில குடுத்து விடுறேன். இத முழுசா படிச்சிட்டுத்தான் வேலைக்குப் போகணும், சொல்லிட்டேன்.

அப்பா நியுமோனியாவுல பெரியாஸ்பத்திரியில இருபத்திமூணு நாள் கெடந்தாருனு உனக்குத் தெரியும், எப்படி வந்துச்சுனு நான் ஒழுங்கா சொல்லல. தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி மொழங்காலுக்குக் கீழ பட்டுருச்சு, சின்ன வெட்டுத்தான். நான் சும்மா இருப்பேனா. புள்ளக்காம்பராவுல இருவது வருசம் கொழுந்தெடுக்கப் போறவங்க புள்ளைங்கள பாத்தவ, லயத்துல எனக்கு டொக்டரம்மானு பேரு வேற. நம்ம பிஸ்கட் டின்ன எறக்குனேன். டிஸ்பென்சரியில யாருக்கு அஞ்சு நாளைக்குக் குளுச குடுத்தாலும் ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுரும், மிச்சத்த எதுக்கு வீணாக்கணும்னு எங்கிட்டதான் கொண்டாந்து குடுப்பாங்க, நானும் கலர் பாத்து பிரிச்சு வச்சிருப்பேன். செவப்பும் மஞ்சளும் புண்ணுக்கு, நீட்டு வெள்ள இருமலுக்கு, பேரு அழிஞ்சு போனது எல்லாத்துக்கும். அப்பா கால்ல ஒரு செவப்பு மஞ்சள ஒடைச்சு தூளக் கொட்டிக் கட்டுனேன், வாயிக்கு ரெண்டு குடுத்தேன். புண்ணு ஆறுச்சு, பக்கத்துல கட்டி கெளம்புச்சு. அதுக்கு வேற கலர்ல ரெண்டு. கட்டி அமுங்கும், மறுபடி எந்திரிக்கும், நானும் கலர மாத்துவேன், ரெண்டு மாசம் எனக்கும் அந்தக் கட்டிக்கும் இப்படியே ஓடுச்சு.

பொறவு லயம் முழுக்க காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பாவுக்கும் வந்துச்சு. எல்லாருக்கும் விட்டுருச்சு, இவருக்கு அஞ்சாம் நாளு நெஞ்சுல குத்து, மூச்சு வாங்குது, துப்புனா ரத்தம். கொழுந்து லொறியிலதான் ஏத்திட்டுப் போனோம், அதுவும் கொழுந்த ஃபெக்டரியில எறக்குன பொறவு, கொழுந்து வாடிப் போயிருமில்ல, மனுசன் கொஞ்சம் வாடுனா பரவால்ல. ஆஸ்பத்திரியில சின்ன வயசு டொக்டர், சிங்களத்துல கேட்டாங்க, நர்ஸ் தமிழ்ல சொன்னாங்க, வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களானு. நான் இல்லனுட்டேன். வெறும் கொத்தமல்லித் தண்ணிதான் குடுத்தேன்னு சொன்னேன். ஊரு குடுத்த பட்டத்த காப்பாத்தணுமில்ல. அவங்களும் என்னய நம்பி வழக்கமா ஏத்துற மருந்த ஏத்துனாங்க. ரெண்டு நாளு அது பச்சத்தண்ணி மாதிரி எறங்குனதுதான் மிச்சம். மூணாம் நாளு காலையில அவரக் கொண்டு போயி மூச்சு விடுற மெசின்ல வச்சாங்க. கண்ணாடி வழியா பாத்தேன், வாயில கொழாயோட கெடந்தாரு, கண்ணாலம் கட்டுன நாள்லருந்து அந்த வாயி இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பாத்ததில்ல. அப்பத்தான் எனக்கு வாயி தொறந்துச்சு. நர்ஸ் கையப் புடிச்சுக்கிட்டு டின், தூளு, கட்டி, கலரு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க டொக்டர்கிட்ட ஓடுனாங்க. அன்னைக்கே மருந்த மாத்துனாங்க, அடுத்த நாளு வந்த சளி ரிப்போட்டும் அதையேதான் சொல்லுச்சாம்.

ஸ்டாஃப்னு ஒரு கிருமியாம், தோல்லயும் மூக்குலயும் சும்மா கெடக்குமாம். அப்பாவுக்கு வந்தது சாதாரண மருந்துக்கு அசையாத ரகமாம், கட்டியில இருந்து நெஞ்சுக்கு எறங்கிருக்கலாம்னாங்க. டின்னாலதான் வந்துச்சுனு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அரகொறயா மருந்து போடப் போட கிருமி அதுக்குப் பழகிக்கும்னு டொக்டர் சொன்னாங்க. நம்ம தோட்டத்துப் புள்ளைங்க ஓ லெவல் சோதனையில கணக்குல கோட்ட விடுதுங்க, நான் வளத்த கிருமி மட்டும் எல்லாப் பாடத்துலயும் பாசு.

விசயம் தெரிஞ்சதும் தோட்டத்து ஆபிசும் சும்மா இருக்கல. லயத்து வாசல்ல சுண்ணாம்பு அடிச்சு, மேனேஜர் துரை அதுக்கு முன்னால நின்னு போட்டோவும் எடுத்துட்டுப் போனாரு. எட்டு வீட்டுக்கு இருக்குற ஒத்தக் குழாயி அந்தப் போட்டோவுல விழாம பாத்துக்கிட்டாங்க. அப்பா வீட்டுக்கு வந்ததும் ஊரே பாக்க வந்துச்சு. ஒருத்தர் கண்ணேறுனாங்க, ஒருத்தர் பனினாங்க, ஒருத்தர் அட்டக்கடினாங்க, டின்ன மட்டும் யாரும் சொல்லல. றோசலின் அக்கா மால்ட் பாக்கெட்டோட வந்து, என்னயத் தனியா கூப்புட்டு, டின்னு கொறஞ்சிருக்குமேனு கடுதாசியில மடிச்ச நாலு குளுசய கையில வச்சாங்க. இன்னொருத்தி ஆஸ்பத்திரியில ஏத்துன பெரிய மருந்துல மிச்சம் இருக்கா, முட்டி வலிக்கு நல்லதாமேனு கேட்டா. எல்லாத்துக்கும் மேல உங்கப்பா. மூச்சு வாங்கிக்கிட்டே வர்றவங்க எல்லார்கிட்டயும், அழகம்மா குளுச குடுக்காட்டி நான் அன்னைக்கே போயிருப்பேன்னு சொல்லுறாரு. குழாயடிக்குப் போக மூணு எடத்துல ஒக்காருற மனுசன். அவரு அப்படிச் சொல்லுறப்ப எனக்கு செத்துறலாம் போல இருக்கு.

டொக்டர் சொன்னபடி டின்ன ஆஸ்பத்திரி மருந்தகத்துல கொண்டு போயிக் கொட்டிட்டேன். இப்ப அதுல பிஸ்கட்டுதான் இருக்கு. கேட்டு வர்றவங்களுக்கு ரெண்டு பிஸ்கட்டு குடுத்து டிஸ்பென்சரிக்குப் போங்கனு அனுப்புறேன். லயமே எம்மேல கோவமா இருக்கு.

இப்ப உன் விசயம். போன ஞாயித்துக்கெழம தொடையில கட்டினு சொன்ன. மூணாவது தடவனு சொன்ன. நீ குடுத்த குளுச ரெண்டு போட்டேன் அமுங்கிருச்சும்மானு சிரிச்ச. டொக்டர்கிட்ட போனு மட்டும் சொன்னேன், ஏன்னு சொல்லல, குழாயடியில நாலு பேரு நின்னாங்க. நீயும் சரி சரினுட்டு வச்சிட்ட. மறுபடியும் அதே பொய்யத்தான் நான் சொல்லிருக்கேன், வாயத் தொறக்காமயே.

உன் பையோட உள்துணியப் பிரிச்சுப் பாரு, நீ போறப்ப நான் வச்சுத் தச்ச குளுச இன்னும் மிச்சம் இருக்கும். ஒண்ணு கூட போடாத, ரூம்ல இருக்குற புள்ளைங்களுக்கும் குடுக்காத, டவல மாத்திக்காதீங்க, கட்டிய நசுக்காத. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு டொக்டர்கிட்ட போ. அந்தக் கிருமிதான்னு நான் சொல்லல, அவங்க பாக்கட்டும். அப்பாவுக்கு வந்த கதயச் சொல்லு. முத்துமாரியம்மா உன்னய காப்பாத்துவா, அவளுக்கு நேந்துக்கிட்டேன், அதுக்காக டொக்டர்கிட்ட போகாம இருந்துறாத. அப்பா உன்ன ஆசீர்வதிக்கச் சொன்னாரு, நேரத்துக்குச் சாப்புடு, தண்ணி நெறய குடி.

ஒண்ணு மறந்துறாத. என்ன மருந்து போட்டனு அங்கயும் கேப்பாங்க. நான் ரெண்டு நாளு வாயத் தொறக்கல, நீ ரெண்டு நிமிசம் கூட யோசிக்காத. எங்கம்மா குடுத்தாங்கனு சொல்லு, எம்பேரச் சொல்லு.

இப்படிக்கு,
இனிமே யாருக்கும் டொக்டரம்மா இல்லாத,
உனக்கு மட்டும் அம்மாவா இருக்குற,
அழகம்மா