மாரியாயி அக்காவைத் தெரியாத கேமரா

ஜூலை 6, திங்கள்

கிள்ளான் தொழிற்சாலை கேட்டில் புதுக் கேமரா இன்று முதல் வேலை செய்கிறது. முகத்தைப் பார்த்து அதுவே வருகை பதியும். லோரி நம்பரைப் படிப்பதும் அதுதான். செட்டிங் என் பொறுப்பு. எல்லோர் முகமும் அதில் விழுந்தது, பேக்கிங் பகுதி மாரியாயி அக்காவுடையதைத் தவிர. காலையில் உள்ளே வருகிறவர்களுக்குப் பின்னால் வெயில் நேராக அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் ரொம்பக் கறுத்த முகம் வெறும் நிழலாகிவிடுகிறது. கேட் காவலாளி பட்டனைத் தட்டி அக்காவை உள்ளே விட்டார். வருகை பதியவில்லை.

ஜூலை 7

இன்றும் விழவில்லை. டபிள்யூ.டி.ஆர். என்று ஒரு வசதி இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என இரண்டு படம் எடுத்து ஒன்றாக்கும். வானமும் தெரியும், முகமும் தெரியும். ஆனால் ஓடுகிற லோரியின் நம்பர் இரட்டையாகத் தெரியும் என்று அதை ஆஃபில் வைத்திருக்கிறோம்.

காலை ஏழிலிருந்து எட்டு வரைக்கும் மட்டும் ஆன் செய்யலாமா என்று மேனேஜர் கமலநாதனிடம் கேட்டேன். அப்போது லோரி வருவதே அபூர்வம்.

"ஒரு மூஞ்சிக்காக சிஸ்டத்த மாத்தணுமா? ஒரு லோரி மிஸ் ஆனா நீங்களா பதில் சொல்வீங்க? பௌடர் போட்டுட்டு வரச் சொல்லுங்க லா."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சத்தம் வராமல். அதனால் என்ன வித்தியாசம்?

ஜூலை 8

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா முகமெல்லாம் பௌடர் அப்பிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, இன்னிக்குக் கல்யாணமா?" என்று வரிசையில் ஒருவன்.

"ஆமாடா. இந்தா நிக்கிறாரே, இவருதான் மாப்பிள்ள" என்று கேமராவைக் காட்டினார்.

மாப்பிள்ளை சிவப்பு விளக்கைக் காட்டியது. பௌடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பேய்தான் படத்துல விழாதுன்னு சொல்லுவாங்க. நான் என்ன பேயா, தங்கச்சி?" என்று என் பக்கம் திரும்பினார்.

ஜூலை 9

தகவல் சொல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் வராதவர் என்று அக்காவை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளும் அவர் பேக்கிங்கில் நின்றதை இந்தத் தொழிற்சாலையே பார்த்தது. நான் ஹெச்.ஆருக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: சிஸ்டத்தில் இல்லை.

"இந்த வயசுல எனக்கு வேற எவன் வேல குடுப்பான்?" என்று என்னைத்தான் கேட்டார்.

ஜூலை 11

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. பாஸ்வேர்டு என் கையில்தானே இருந்தது? நானே மாத்தியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? ஏன் போய் அனுமதி கேட்டுக்கிட்டு நின்னேன் — என் வேலை போயிடும்னா?

ஆமா. அதுக்குத்தான்.

ஜூலை 13, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து காலையிலேயே முதலாளி டத்தோ வந்தார். அவரும் நல்ல கறுப்பு. கேட் திறக்கவில்லை. காவலாளி பட்டனைத் தேடுவதற்குள் வெயிலில் ஒரு நிமிடம் நின்றிருப்பார். கமலநாதன் குடையோடு ஓடினார்.

"மேடம், உடனே மாத்துங்க! உடனே!"

"லோரி?"

"லோரி கெடக்குது லா!"

காலை நேரத்துக்கு மட்டும் டபிள்யூ.டி.ஆர். வைத்தேன். வெளிச்சத்தை முகம் வருகிற இடத்தில் அளக்கச் சொன்னேன். இருட்டுப் பகுதியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். டத்தோவின் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு யாரும் பௌடர் நீட்டவில்லை.

அக்காவைத் திரும்ப எடுக்கலாமே என்று கமலநாதனிடம் சொன்னேன். "புது ஆள் வந்தாச்சு மேடம். பழச எதுக்குக் கிளறுறீங்க?"

ஜூலை 15

யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க அக்கா காலையிலேயே வந்திருந்தார். கேமராவுக்கு முன்னால் நின்றார். பழக்கம்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. திரையில் அவர் முகம் விழுந்தது. மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், புருவத்தில் நரைத்த ஒரு முடி, எல்லாம் தெளிவாக. கீழே முழுப் பெயர். அதற்கும் கீழே சிவப்பில்: அனுமதி ரத்து.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அட, இப்ப என்னை நல்லாத் தெரியுதே, தங்கச்சி."

யூனிஃபார்ம் இருந்த பையைக் கேட் கம்பி இடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.