நாலு சில்லுப் பெட்டி

களுவாஞ்சிக்குடி
20.2.1968

அன்புள்ள மகன் நோபேட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், லண்டன் குளிர் உன் நெஞ்சில் இறங்காதிருக்க அந்தோனியாரைக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மண்டூர்த் துறையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது. உன் தங்கை றோஸ்மேரி, அவள் புருஷன் பிலிப்பு, உன் சித்தப்பா பேர்னாட், காத்தான்குடிப் பட்டறை முனாப், நான்.

நீ விட்டுப்போன, உழவு மெசின் இழுக்கிற பெட்டியைப் பொங்கல் முடிந்த கையோடு பிலிப்பு முனாப்பிடம் கொண்டுபோய், இன்னொரு அச்சுப் பூட்டி, இரண்டு சில்லில் உருண்டதை நாலு சில்லுப் பெட்டியாக்கிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்றால், நெல்லுப் பாரம் கூட மாமி, பழைய அச்சுத் தாங்காது என்றான். நீ ஓட்டின காலத்தில் மூட்டை தலைக்கு மேல் நிற்கும், அச்சு ஒருநாள் முனகினதில்லை, எனக்கு மறக்குமா? வரம்போரம் லேசில் கிறுகித் திரும்பாத நாலு சில்லு வேளாண்மைக்காரனுக்கு எதற்கு? குனிந்து அடியில் பார்த்தேன். பழைய அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது, புதியதை அதற்குப் பின்னால் வாலோடு ஒட்டி வைத்திருக்கிறது. மனம் கேட்கவில்லை. றோஸ்மேரியைக் கேட்டேன். அந்தோனியார் படத்தில் கையை வைத்து, நெல்லுக்குத்தான்மா, வேற ஒண்டுக்குமில்ல, மறுகா மறுகா என்னத்துக்குக் கேக்கிறீங்க என்றாள்.

என் வாயை அடைக்கத்தான் பிலிப்பு சனிக்கிழமை வயல் வட்டையிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தான். வாவியைக் கடக்கிற பாதைத் தெப்பத்தில் ஏறும் பலகையில் மெசின் கால் வைத்ததும் பெட்டியின் மூக்கு கீழே அமுங்கி, மெசினின் முன் சில்லு இரண்டும் ஆகாயத்துக்குக் கிளம்பிவிட்டன. பிலிப்பு குதிரைக்காரன் போல மேலே இருக்கிறான், பேர்னாட் சித்தப்பா யேசுவே என்று கத்துகிறார். பிழை தன்னுடையதில்லை என்று காட்ட முனாப் ஓடிவந்து, நெல்லையா ஏத்தின நீங்க, பாரம் வாலுக்கு அங்கால நீட்டிக்கிட்டு வரும் எண்டுதானே பிலிப்பு அச்சப் பின்னால வைக்கச் சொன்னவர், நெல்லெண்டா ரெண்டு அச்சையும் நடுவுக்கு எடுத்திருப்பனே பெரியம்மா என்றான். வாலுக்கு அங்கால் நீட்டிக்கொண்டு வருவது நெல்லா மகன்? மரம். களவாய் வெட்டுகிற காட்டு மரம். என்னடா இது என்று சித்தப்பா கேட்க, பிலிப்பு மெசினை விட்டு இறங்கி மூட்டைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். பெட்டி உன் பெயரில் இருக்கிறது. காட்டிலாகாக்காரன் பிடித்தால் லீவில் வந்து இறங்கும் உன்னைத்தான் தேடுவான்.

மூட்டைகளை இறக்குவித்து, பெட்டியை வளவில் கொண்டுவந்து விட்டு, நாலு சில்லையும் கழற்றி என் அறைக்குள் போட்டுவிட்டேன். கதவு பாதிதான் திறக்கிறது, பரவாயில்லை. பெட்டியை ஒருவரும் தொடக்கூடாது என்று சித்தப்பாவுக்கு உன் கையால் எழுது, மறந்துவிடாதே. ஞாயிறு பூசையை விடாதே, காதைத் துணியால் மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் அம்மா
செபஸ்தியம்மா

பிலிப்பு வேறு வீட்டுப் பிள்ளை, அவனை ஈஸ்டருக்குள் மன்னித்துவிடுவேன். முனாப்பும் தனக்குச் சொன்னதைச் செய்தவன். சீதனமாக நான் கொடுத்த வீட்டில், அவள் ஆக்கின சோற்றைத் தின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் படத்தில் கை வைத்தவளை மன்னிக்கமாட்டேன், நான் பெற்ற றோஸ்மேரியை.