பாட்டுப் போட்ட காஸெட்

முருகன் துணை

சோமனூர்
14.2.1997

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் எட்டுத் தறியும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மஸ்கட்டில் உன்னையும் மாப்பிள்ளை சுரேந்தரையும் சென்னிமலை ஆண்டவர் அதேபோல் வைத்திருக்கட்டும். நீ அரங்கசாமி தம்பியிடம் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் அப்பாவுக்கு டார்ச் லைட்டும் வீடியோ காஸெட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. டார்ச் லைட்டைப் பட்டப்பகலிலேயே அடித்து அடித்துப் பார்த்து அப்பா பாதி பேட்டரியைத் தீர்த்துவிட்டார். காஸெட்டைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது, நீதான் எல்லாப் படத்துக்கும் நொட்டை சொல்கிறவளாயிற்றே என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன் கண்ணு. முதலில் மற்ற படங்களைச் சொல்லிவிட்டு உன் படத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டுக்குக் கேபிள் வந்து ஆறு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை படம் ஒன்றுதான், இப்போது எந்நேரமும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நம் வீட்டு லட்சணம் உனக்குத் தெரியாததா, கரண்ட் இருந்தால் தறி ஓடும், டிவியில் பேசுவது ஒன்றும் காதில் விழாது, கரண்ட் போனால் தறி நிற்கும், டிவியும் கூடவே போய்விடும். அதனால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டுத்தான் பார்க்கிறோம். தறிக்குடோனில் அந்தக் கோடியில் நின்று அப்பா ஊடை நூல் தீர்ந்துபோச்சு என்று வாயசைத்தால் இந்தக் கோடியில் இருந்து நான் நூல் சுற்றிய தார் எடுத்துப் போகவில்லையா, இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தானே எங்கள் பேச்சே நடக்கிறது, டிவிக்காரர்கள் பேசுவது மட்டும் புரியாதா. இதில் ஒரு சங்கடம். காது கேட்கிறவர்களுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பாதி நாயகிகள் வாயில் தமிழே இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் தாய் செத்துக் கிடக்கிறாள், மகள் மேலே விழுந்து அழுகிறாள், பக்கத்து வீட்டுப் பங்காரம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறாள், நான் மட்டும் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் வசனத்துக்குப் பதிலாக ஒன், டூ, த்ரீ என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். இருபத்திரண்டு வரைக்கும் வந்தாள். நான் சொன்னதும் பங்காரம்மாவும் பார்த்துவிட்டு அழுத அழுகைக்கு நஷ்டஈடு கேட்காத குறைதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு நாடகம் வருகிறது. அதன் பேர் எனக்கு நினைவில் நிற்பதில்லை, நாங்கள் மாடிப்படி நாடகம் என்போம். அந்த வீட்டில் யாரும் சோறாக்கி நான் பார்த்ததில்லை, விடிந்ததும் பட்டுச்சேலையும் அட்டிகையுமாக மாடிப்படியில் இறங்கி வருவதுதான் வேலை. காப்பி டம்ளரைத் தூக்குகிறார்கள், அதில் ஒரு சொட்டுக் காப்பி கிடையாது, தூக்குகிற கையைப் பார்த்தாலே தெரிகிறது. இன்னொரு படத்தில் கதாநாயகன் நெசவாளி. கைத்தறியில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டும் பாடுகிறான், கால் ஒரு பக்கம் மிதிக்கிறது, கை ஒரு பக்கம் போகிறது, ஊடை நூலோடு ஓட வேண்டிய நாடா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பாட்டு முடிகிறவரைக்கும் ஒரு விரற்கடை துணி ஏறவில்லை. அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே, இவனுக்கெல்லாம் எவன் பாவு நூல் குடுத்தான் என்று எழுந்து போய்விட்டார். தியேட்டருக்கும் ஒரு தடவை போனோம், அங்கே சத்தம் நம் குடோனை விட மோசம், அதற்கு டிக்கெட் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த மாடிப்படி நாடகத்தில் போன மாதம் மருமகள் படியில் வழுக்கி விழுந்தாள், வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது. அதற்கு மூன்று வாரம் அழுதாள். தலையை விரித்துப்போட்டு, கண்ணாடியை உடைத்து, சாமி படத்தின் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எந்தப் பெண்ணும் அப்படி அழமாட்டாள், அதற்கு அழுகிற அழுகை வேறு. இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன் கண்ணு. இவ்வளவு நேரம் ஊரார் படத்தையெல்லாம் இழுத்துப் போட்டு எழுதியது உன் படத்துக்கு வரப் பயந்துகொண்டுதான்.

போன சனிக்கிழமை மத்தியானம் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்தோம். மஸ்கட் படம் போடுகிறார்கள் என்று பங்காரம்மாவும் நம் வரிசையில் தார் சுற்றுகிற பெண்கள் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவும் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கடலும் ஈச்சமரமும் உங்கள் வீட்டு அடுப்பங்கரையும் நன்றாக வந்திருக்கிறது. நீ இளைத்திருக்கிறாய், சுடிதாரில் உடம்பு தெரியாது என்று நினைக்காதே, கழுத்தெலும்பு சொல்கிறது. மாப்பிள்ளை படம் பிடித்ததற்கு மார்க் போடச் சொன்னால் பாதிதான் போடுவேன், கடைசியில் படம் ஆடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே கல்யாண வீடியோ மாதிரி சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டீர்கள், அது எதற்கு. ஆனால் பாட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் உன் சிநேகிதி கீதா வீட்டில் அவள் மகனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டுகிறார்கள், குழந்தைகள் பலூனை உடைக்கிறார்கள், நீயும் கீதாவும் பின்னால் அடுப்பங்கரை வாசலில் நிற்கிறீர்கள். படம் உங்கள் பக்கம் திரும்பியது உனக்குத் தெரியவில்லை. நீ பேசுகிறாய். மூணு மாசத்துல போயிருச்சுங்க்கா என்கிறாய். அம்மாகிட்டச் சொல்லலைங்க்கா, போன்ல கத்தித்தானே சொல்லோணும், எப்படிக் கத்தறது என்கிறாய்.

தறிக்காரி வயிற்றில் பிறந்த நீ எப்படி இதை மறந்தாய் என்று தெரியவில்லை. மேலே பாட்டைப் போட்டால் பேச்சு மறைந்துவிடும் என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கலாம். அம்மா என்று உன் வாய் மூடித் திறந்தால் எட்டுத் தறிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குத் தெரியுமே சாமி. நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒருத்திதான் பார்த்தேன், மற்றவர்கள் கேக்கைப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அப்பா நிலைப்படியை விட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. திடீரென்று சத்தம் நின்றது. எட்டுத் தறியும் நின்றுவிட்டது, உன் காஸெட் பாட்டு மட்டும் பெரிதாகக் கேட்கிறது. குடோனில் இருந்து ஆட்கள் வெளியே வந்து கரண்ட் போச்சுங்களா என்று கேட்கிறார்கள், டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா சுவிட்சுப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அப்போதுதான் அவரும் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஐந்து பெண்களும் காஸெட் முடியும் முன்னாலேயே சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். மறுநாள் காலையில் பங்காரம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய லேகியம் கிண்டிக் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே லேகியம். மஸ்கட்டுக்கு ஆரோ போறாங்கன்னியே, இதையும் குடுத்தனுப்பு என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. இரண்டு நாள் என்மேல்தான் கோபமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பங்காரம்மா வீட்டுப் போனில் நீ கூப்பிடுகிறாய், எனக்குச் சரியாகக் கேட்காமல் ஆங், ஆங் என்கிறேன், நீ அந்தக் கடல் தாண்டியும் கேட்கிற மாதிரி நல்லா இருக்கேம்மா என்று கத்துகிறாய். கத்திச் சொல்ல முடிந்ததை மட்டும்தான் இத்தனை நாளாக என்னிடம் சொல்லியிருக்கிறாய் என்று இப்போதுதான் உறைக்கிறது. தறிக்குக் காதைக் கொடுத்தேன், அதோடு உன் துக்கத்தையும் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. மாப்பிள்ளையையும் தப்பாக நினைத்தேன், இதை மறைத்து வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறாரே என்று. டெக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். நீ பேசத் தொடங்கிய பிறகுதான் படம் ஆடத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஆடவே இல்லை. பிடித்த கை நடுங்கியிருக்கிறது. நான் போட்ட பாதி மார்க்கை அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொல். அவரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார், ஆண்பிள்ளை என்று விட்டுவிடாதே, நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு முன்னால் எனக்கும் ஒன்று நாலாம் மாதத்தில் போயிற்று. அப்போது நாலு தறிதான், அதுவும் வாடகைக் குடோன். ஐந்தாம் நாள் தார் சுற்றப் போய்விட்டேன். வீட்டில் அழுதால் உன் அத்தைமார் வந்து நூறு காரணம் சொல்வார்கள், நீ குனிந்தாய், நிமிர்ந்தாய் என்பார்கள். தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று வாய்விட்டு அழுதேன், சுற்றிக்கொண்டே அழுதேன். அந்தக் கோடியில் இருந்து அப்பா பார்த்துவிட்டுத் தறியையெல்லாம் நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் என் அழுகை ஊருக்கே கேட்டது. எனக்கு மானமே போயிற்று, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் நிறுத்தியிருக்காவிட்டால் நான் இன்னும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே அழுதுகொண்டிருப்பேன் என்று பிற்பாடு தோன்றியது. அதற்கு அடுத்த வருஷம் நீ வந்தாய். உனக்கும் உடனே வரும் என்று நான் சொல்லமாட்டேன், அது நம் கையில் இல்லை. வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நீ எனக்கு நீதான். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, யார் என்ன காரணம் சொன்னாலும் காதில் வாங்காதே.

எனக்கு ஒரு ஆசை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இந்த மாதம் இருபதாம் தேதி அரங்கசாமி தம்பி மஸ்கட்டுக்குத் திரும்பி வருகிறது, கடிதமும் லேகியமும் அதன் கையில் வரும். மாப்பிள்ளையை இன்னொரு காஸெட் பிடிக்கச் சொல். கடல் வேண்டாம், ஈச்சமரம் வேண்டாம். நீ மட்டும் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து என்னிடம் பேசு. நடந்ததை எல்லாம் சொல், அழுகை வந்தால் அழு, மெதுவாகப் பேசினால் போதும், நான் டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இதை அப்பாவிடம் சொன்னபோது, காஸெட் வருகிற அன்றைக்கு ஷிப்ட் கிடையாது என்று ஆட்களிடம் இப்போதே சொல்லிவிட்டார். எதற்குத் தறியை நிறுத்த வேண்டும், வாயைப் பார்த்தாலே நமக்குப் புரியாதா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புள்ளை கொரலும் கேக்கோணுமல்லோ என்றார்.

லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு எடுத்துக்கொள், நடந்து மாதம் தாண்டிவிட்டது என்று ஒதுக்கிவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுளோடு, மனசு விட்டுப் பேசிக்கொண்டு, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அம்மா
சாந்தாமணி