வடபழனிக்குப் போகாத மொட்டை

அம்மா,

இன்று மத்தியானம் கடைக்கு ஓர் அக்கா வந்தார். மொட்டைத் தலை, அதன்மேல் துப்பட்டா. வளையல் பக்கம் நிற்கும் மல்லிகா, "மொட்டை சூப்பரா கீதுக்கா! வடபழனியா, திருப்பதியா?" என்று கேட்டாள். "வடபழனிதான்" என்று சிரித்தார். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். புருவம் இல்லை. எந்தச் சாமியும் புருவத்தைக் கேட்பதில்லை.

நீ போன பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த தி. நகர் பேன்சி ஸ்டோர் இது. நாள் முழுக்கப் பொட்டும் கிளிப்பும் எடுத்துக் கொடுக்கிறேன். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இவரை மட்டும் பார்த்துவிட்டேன்.

உன் தலைமுடி போனபோது நீ அழவில்லை. ஊசி போட ஆரம்பிக்கும்போதே டாக்டரம்மா சொல்லியிருந்தார். "உங்க நுரையீரல்ல இருக்கிற கட்டி நிறுத்தாம பெருகிக்கிட்டே இருக்கு. இந்த மருந்து வேகமா பெருகுறதைத் தேடித் தேடி அடிக்கும். ஆனா அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. முடியும் வேகமா வளருது, வாய்த் தோலும் ரத்தத்துல வெள்ளை அணுவும் அப்படித்தான். அதையும் சேர்த்து அடிச்சிடும்." நீ உடனே, "வெறி நாயை அடிக்கச் சொன்னா, தெருவுல போற எல்லாத்தையும் அடிக்குதா?" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அந்த வார்டில் யாராவது சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மருந்து ஏறும்போது கூடவே உப்புத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவார்கள். சிறுநீரகம் கெடாமல் இருக்க வீட்டிலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடித்ததெல்லாம் வாந்தியாக வரும். வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியை நக்குவதுபோல் இருக்கிறது என்பாய். காதுக்குள் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிப்பதாகச் சொல்வாய். சமையல் வேலைக்குப் போகிறவளுக்கு ருசி தெரியாமல் போனது. அதனால் நீ சமைக்கும் ஆழ்வார்பேட்டை வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போவாய். சாம்பாரைக் கரண்டியில் எடுத்து என் உள்ளங்கையில் விடுவாய். நான் தலையாட்டினால் உப்பு சரி. ஒற்றை விரலைக் காட்டினால் இன்னும் கொஞ்சம் வேண்டும். பேச வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே எட்டாவதோடு பள்ளியை விட்டவளுக்கு அது பிடித்திருந்தது.

உன் நோய் யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் மட்டும் நீ கல்லாக இருந்தாய். "தெரிஞ்சா எவளும் என்னை அடுப்பாண்ட வுடமாட்டா. அப்புறம் நீ எதைத் துன்னுவே?" முடி கொத்தாக வந்தபோது மிச்சத்தையும் மழித்துக்கொண்டாய். கீழ்வீட்டு சரோஜா அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, மொட்டை? முருகனுக்கா?"

"ஆமா சரோ. பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு வேண்டுதல்."

"சொல்லாம கொள்ளாம போய்க்கினு வந்துட்டியே. பிரசாதம் எங்க?"

அன்று சாயங்காலமே என்னை வடபழனிக்கு பஸ் ஏற்றிவிட்டு, விபூதி வாங்கிவரச் சொன்னாய். அதை சரோஜா அக்கா பூசிக்கொண்டபோது நாம் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு தலையணை உறையில் சின்னச் சின்ன வளைந்த புருவ முடிகளைப் பார்த்தேன். நீ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, "இதுக்கு இன்னா பொய் சொல்றது?" என்றாய். அப்போதுதான் புருவப் பென்சில் வாங்கினோம். மருந்தால் விரல் நுனி மரத்து உனக்குக் கோடு கோணலாக வந்தது. தினமும் நானே வரைந்தேன். கண்ணை மூடி முகத்தை என்னிடம் கொடுத்துவிடுவாய். "ரொம்ப தூக்கிடாதடி, வில்லி மாதிரி ஆயிடுவேன்." உன் மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் படும். அந்தச் சூடு இன்னும் அங்கேயே இருக்கிறது அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை உன் மூச்சு கொதித்தது. உதட்டில் கொப்புளம். டாக்டரம்மா சொன்னது எனக்கு மனப்பாடம்: "வெள்ளை அணு குறைஞ்ச நேரத்துல சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்ச்சிடும். காய்ச்சல் ஒண்ணுதான் அடையாளம். வந்தா ஒரு மணி நேரம்கூட வீட்ல வச்சுக்காதீங்க." நான் செருப்பை மாட்டுவதற்குள் சரோஜா அக்கா மேலே வந்துவிட்டார். உன்னைத் தொட்டுப் பார்த்தார். கொப்புளத்தைப் பார்த்தார்.

"ஆத்தா வந்துகீறா. ஆஸ்பத்திரி, மாத்திரை எதுவும் கூடாது, கோச்சிக்குவா" என்றவர், கீழே போய் வேப்பிலைக் கொத்துகளோடு வந்து ஒன்றை நிலைப்படியில் செருகினார்.

நீ என்னைப் பார்த்துச் சொல்லாதே என்று தலையசைத்தாய். இன்னொரு கொத்தை அவரிடமிருந்து வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாய். சாவதற்குக்கூடத் தயாராக இருந்தாய், சொல்வதற்கு இல்லை.

எனக்குள் எங்கிருந்தோ சத்தம் வந்தது. "அது அம்மை இல்லக்கா! மொட்டையும் வேண்டுதல் இல்ல. அம்மாவுக்கு நுரையீரல்ல கேன்சர். இப்பவே போவலேன்னா செத்துடும்."

சரோஜா அக்கா கையில் மிச்சமிருந்த வேப்பிலையைக் கீழே போட்டார். அப்புறம், "அறிவு கீதா உங்க ரெண்டு பேருக்கும்? அந்த விபூதிய நான் என் புள்ளைக்கு வேற பூசினேனே!" என்று கத்திக்கொண்டே ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோவில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியில் கிருமிக்கு ஊசி ஏற்றி, காய்ச்சல் இறங்கிய பிறகுதான் பேசினாய். "உனக்கு இவ்ளோ பெரிய தொண்டையா? நானில்ல உனக்காகப் பேசிப் பேசித் தேய்ஞ்சுட்டேன்."

விஷயம் பரவி ஆழ்வார்பேட்டை வேலை போனது. நீ பயந்தது அதுவரை சரிதான். ஆனால் சரோஜா அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்தார், திட்டிக்கொண்டே. ஊசி எல்லாம் முடிந்தபோது எக்ஸ்ரேயில் கட்டி சுருங்கியிருந்தது. பூனைக்குட்டி மயிர்போல உனக்கு முடி முளைத்தது, புருவமும். மழைக்காலத்தில் கட்டி திரும்ப வளர்ந்தது. இந்தத் தடவை மருந்துக்கு அது அடங்காது என்று டாக்டரம்மா ஊசி வேண்டாம் என்றுவிட்டார். நீ போகும்போது உனக்கு இருந்தது உன் சொந்தப் புருவம். அதன்மேல் நான் ஒரு கோடும் போட வேண்டியிருக்கவில்லை.

இன்று கடையில் அந்த அக்கா புருவப் பென்சில்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எது என்று கேட்க அவருக்குக் கூச்சம். "கருப்பு வேணாங்கா, தனியாத் தெரியும். இந்தப் பழுப்பு எடுத்துக்கோங்க" என்றேன். மல்லிகா திரும்பிப் பார்த்தாள்.

பென்சிலைச் சீவி, முனையைப் புறங்கையில் தேய்த்து மழுக்கினேன். அவர் உட்கார ஸ்டூலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டேன்.