ஆடலாம் என்று டாக்டர் சொன்னார்

அடுத்த நாடகத்துக்குத் துணி தேடி, சங்கத்து ட்ரங்குப் பெட்டியை நேற்றுத் திறந்தேன். பூச்சி உருண்டை வாடை மூக்கில் ஏறியது. மேலாகவே கிடந்தது உன் வெள்ளைப் பெல்பாட்டம். உனக்காக இரண்டு முறை அகலப்படுத்திய இடுப்பை, பிறகு இன்னொருவனுக்காகச் சுருக்கித் தைத்திருந்தார்கள். கையில் எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டிஸ்கோ காலத்துப் பாட்டு நாடகம் ஒன்று போடலாம் என்று நம் பதுளை நாடகச் சங்கத்தில் முதலில் சொன்னதே நீதான். இளவயதில் தோட்டத்துக் கலைவிழாக்களில் அந்த ஆட்டம் ஆடிக் கைதட்டல் வாங்கியவன். அறுபது வயதில் கதாநாயகன் வேடம் கேட்க உனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. மழையோ மண்சரிவோ, சனிக்கிழமை தவறாமல் லுணுகலையிலிருந்து பஸ் பிடித்து மாதா கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுவாய். தொப்பை முன்னால் ஆட, நீ பின்னால் ஆடுவாய். நாங்கள் சிரிப்போம், நீயும் சிரிப்பாய்.

நாடகம் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பே எனக்குப் பயமாகிவிட்டது. இயக்குநர் நான் அல்லவா. "மச்சான், ஒனக்கு ரொம்ப மூச்சு வாங்குது. நெஞ்சுல ஏதாச்சும் இருக்கப் போவுது, இந்த ஆட்டம் வேணாம்" என்றேன். வாய்க்கு வந்த சாக்கு அது.

நீ நம்பிவிட்டாய். அடுத்த சனிக்கிழமை, பசறையில் ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுத்த காகிதமும் கையுமாக வந்தாய். "ஒன்னுமில்லையாம் மச்சான், ஆடலாமாம்!" மண்டபத்துக்கே கேட்டது. அதற்குள் உன் வேடத்தை நான் வேறொருவனுக்குக் கொடுத்திருந்தேன். அவன் மேடையில் நின்றான். நீ அவனைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

தோட்டத்துக் காமன் கூத்தில் பல வருஷம் மன்மதனாக ஆடியவன் நீ. கொஞ்ச நேரம் கழித்து, "கூத்துல காப்பு கட்டுனவன நடுவுல எறக்க மாட்டாங்க. இது டிஸ்கோதானே, பரவாயில்ல" என்றாய்.

கோபித்துக்கொண்டு போயிருந்தால் தேவலை. நீயோ கடைசி வரை வந்து திரை இழுத்தாய், புதியவனுக்கு இடுப்பை ஆட்டச் சொல்லிக் கொடுத்தாய். நாடகம் நன்றாகவே நடந்தது. யாரும் தப்பான இடத்தில் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்தில் செய்தி வந்தது. வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். தோட்டத்து லயத்தில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டாக்டருக்கே தெரியலயே அண்ணே. நீங்க ஒருத்தர்தான் கண்டுபுடிச்சீங்க. ஆட்டத்த நிப்பாட்டி, இந்த மூணு மாசமாச்சும் அவர உசுரோட வச்சிருந்தீங்க."

அவன் தொப்பையைப் பார்த்துச் சபை சிரிக்குமே என்றுதான் நிறுத்தினேனம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

தீபாவளிக்குத் தீபாவளி உன் வீட்டிலிருந்து எனக்கு முறுக்கு வருகிறது. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். வாங்கித் தின்கிறேன், மச்சான்.