அப்பா நம்பரில் ஓர் இடம்

தங்கச்சிக்கு,

ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதுகிறேன். கொரோனா ஊசிக்குப் பின்கோடு போட்டுத் தேடாதே. மாவட்டம் போட்டுத் தேடு. தூரத்து வேப்பம்பட்டில் காலியிடம் காட்டினாலும் விடாதே.

ஒரு நம்பரில் நாலு பேர்தான் பதியலாம். உன் நம்பரில் மாமியார் வீட்டார் நாலு பேர் ஏறிக்கொண்டார்கள். பிள்ளை சுமக்கிற உனக்கு இடமில்லை.

அப்பா நம்பரில் சேர்ந்துகொள். அதில் அம்மா, நான், உன் மாமா மூவரும் ஊசி போட்டாயிற்று; போட்டவர் பெயரை நீக்க முடியாது. அப்பாதான், "எனக்கு இன்னா அவசரம் கீது, மொதல்ல நீங்க போட்டுக்கினு வாங்க" என்று தள்ளிப்போட்டே போய்விட்டார். அவர் பெயரை நீக்கினால்தான் உன் பெயர் ஏறும்.

தினமும் பதிவுப் பக்கத்தைத் திறக்கிறேன். 'நீக்கவா?' என்று கேட்கிறது; மூடிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததை நீ பார்க்கவில்லை. உன்னால் முடியும். அப்பா ஃபோனுக்கு ஓடிபி வரும், சொல்கிறேன். நீயே நீக்கிவிடு.

உன் அக்கா