கீழ்ப்பக்கத்துக்கு நாலு சுற்று

திருப்பதி
ஞாயிற்றுக்கிழமை

நாராயணவனத்தில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் ரத்தினம்மாவுக்கு முனிகிருஷ்ணன் எழுதுவது.

சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீ போய் இன்றோடு பதினோரு நாள். பெரிய மச்சானுக்கும் அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல். மச்சானிடம் போனில் உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "கீறா, துன்றா, தூங்கறா" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளை ஓட்டினேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று அண்ணி சிரிப்பார். சிரிக்கட்டும். நீ எடுப்பதில்லை என்பது ஒன்று. இன்னொன்று, எனக்கே போனைக் கண்டால் பயமாக இருக்கிறது. போன வாரம் கோகுலகிருஷ்ணன் கூப்பிட்டான். கார்ப்பரேட்டர் மோகன்ராஜின் மைத்துனன்தான், வேறு யார். கீழ்ப்பக்கம் தண்ணீர் எப்படிப் போகிறது என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டான். நீங்கள் சொன்ன நாலு சுற்றுதான் வால்வைத் திறக்கிறேன் சார் என்றேன். அரை மணி நேரத்தில் என் குரல் வாட்ஸ்அப்பில் ஓடியது, கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். மேல்பக்கத்துக்காரர்கள் குழுவில் ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் நம் பக்கத்துக் குழுவுக்கும் வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. நீ காரணத்தை யாரிடமும் சொல்லாமல் போனாயே, அந்த மரியாதையையும் அவன் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

மேயர் தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆகப்போகிறது, தெரு இன்னும் ஆறவில்லை. ஒரே குழாய், ஒரே கோயில் என்று இருந்த தெரு, ஆஞ்சநேயர் கோயிலுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஆகிவிட்டது. அப்பாவு இட்லிக்கடையில் கீழ்ப்பக்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்தால் மேல்பக்கத்து ஆட்கள் பார்சல் கட்டச் சொல்கிறார்கள். வார்டுக்கு ரோடு வேண்டும், விளக்கு வேண்டும், அதற்காகத்தான் மோகன்ராஜ் ஆளும் கட்சிப் பக்கம் போனான், எதிர்க்கட்சியில் உட்கார்ந்து கொட்டாவி விடவா ஜெயித்தான் என்பது அவர்கள் பேச்சு. நாம் சின்னத்தைப் பார்த்துப் போட்டோமா, இவன் மூஞ்சியைப் பார்த்துப் போட்டோமா என்பது நம் பக்கத்துப் பேச்சு. போன புதன்கிழமை இரண்டு பேச்சும் முற்றி ஒரு சட்னி வாளி கவிழ்ந்தது. அன்றிலிருந்து அப்பாவு, மேயர் பேச்சு பேசக்கூடாது என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டிவிட்டான். இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த அட்டையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

எல்லாம் அந்த ஒரு கையால் வந்தது. கார்ப்பரேட்டர்களைப் பத்து நாள் எங்கோ ரிசார்ட்டில் அடைத்து வைத்திருந்து, பஸ்ஸில் கொண்டுவந்து மன்றத்தில் இறக்கி, மேயருக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள். மோகன்ராஜ் தூக்கினான், நாம் அனுப்பின கட்சிக்கு எதிராக. பக்கத்து வீட்டுத் துர்காதேவியின் டிவியில் நீ அதைப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாய். வீடு வீடாகப் போய் அவனுக்கு ஓட்டுக் கேட்டவள் நீ. அவனுக்கு ஆரத்தி எடுத்தவளும் நீ.

இதையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நான் உன் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடவில்லை. எங்களைக் கூலிக்கு எடுத்திருக்கும் ஏஜென்சிக்காரன் வால்வுக்காரர்கள் எல்லோரிடமும் எந்தச் சின்னம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். பட்டனுக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் போட்ட ஆள் தோற்றான், நீ போட்ட ஆள் ஜெயித்தான். பிறகு நீ போட்ட ஆள் நான் போட்ட கட்சிக்கே வந்துவிட்டான். ஆக, இந்தத் தெருவில் ஓட்டு வீணாகாத ஒரே கீழ்ப்பக்கத்துக்காரன் உன் புருஷன்தான். இதை நினைத்து ஒருநாள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

டிவியில் பார்த்த மறுநாள் நீ பதினெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மோகன்ராஜ் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் காலிக் குடங்களை வரிசையாக வைத்தாயே, தினம் தண்ணீர் என்று சொன்னாயே எங்கே என்று கேட்டாயே, அதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். காபி கொடுத்தான். "முனியண்ணா, உங்க ஊட்டம்மாவுக்கு நல்ல தெம்பு கீதே. கொடம் தூக்கறது ஒடம்புக்கு நல்லதுதான், தூக்கட்டும். கீழ்ப்பக்கத்துக்கு இனிமே நாலு சுத்து போதும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மேசைமேல் அடுத்த மாதத்துக்கு யார் யாரை வேலையில் வைத்துக்கொள்வது என்ற பட்டியல் இருந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தான். என் பெயருக்கு எதிரே மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி. எழுத்தில் ஒன்றும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நம் பக்கத்து வால்வுக்குப் பதினாலு சுற்று. நாலு திறந்தால் முதல் மூன்று வீட்டுக்கு வரும், அதுவும் நூல் மாதிரி. நம் வீடு கடைசி வீடு. மோட்டார் ரிப்பேர் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். நீ டேங்கரில் பிடித்துச் சுமந்தாய். மார்பில் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் காய்கறிப் பைகூடத் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நானும்தானே கேட்டேன். வலது கையில் ஒரு குடம், இடது கையில் ஒரு பக்கெட். நாலாம் நாள் இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கிவிட்டது. ராத்திரி நீ தலையணைமேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். என்னால் பார்க்க முடியவில்லை ரத்தினா.

அதற்கு மறுநாள் விடிகாலையில் நான் வால்வுக் குழியில் அந்த நீள இரும்புச் சாவியைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தபோது நீ குடத்தோடு பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. இருபத்தியிரண்டு வருஷமாக வால்வுக்காரன் பெண்டாட்டி. எண்ணியிருக்கிறாய். "இன்னாய்யா, பாக்கி பத்து சுத்து எங்க?" என்று கேட்டாய். நான் குழி மூடியை இழுத்துப் போட்டேன். நீ குடத்தோடு திரும்பி நடந்தாய். மத்தியானம் வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது, சாவி துர்காதேவியிடம் இருந்தது.

மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருந்தது. மறந்துவிட்டாய் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாக ஒருநாள்கூடத் தவறாமல் சாப்பிட்டவள் நீ, பஸ்ஸில் போனால்கூட ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போவாய். இரண்டாம் நாள் மச்சானிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். தெருவின் குழாயை மூடிச் சம்பாதித்த மாத்திரை வேண்டாம் என்று நீ சொன்னதாகச் சொன்னார். உன் கோபம் நியாயம். என்னைத் திட்டு, ஊர் முழுக்கச் சொல்லு, பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருஷம் விடாமல் சாப்பிடவேண்டும் என்று சொன்ன மாத்திரை அது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. போன வெள்ளிக்கிழமை பதினாலு சுற்றும் திறந்தேன். நம் வீட்டுக் குழாய்கூடக் கக்கிக் கக்கி ஓடியது. துர்காதேவி வாசலில் நின்று, "அண்ணே, வந்திச்சி வந்திச்சி" என்று கத்தினாள். அன்று மத்தியானமே கோகுலகிருஷ்ணன் வந்து, ரெஸ்ட் எடுங்கண்ணா என்று வால்வுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஏஜென்சிக்காரன் போன் செய்து, பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆஸ்பத்திரியில் ஈ.எஸ்.ஐ. கார்டு ஓடாது என்றான். உன் பெயர் அந்தக் கார்டில்தான் இருக்கிறது. உன் ஸ்கேனும் அந்தக் கார்டில்தான். இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள், இன்று காலையில்தான், மோகன்ராஜ் வீட்டுக் கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்று, தப்புதான் சார் என்று சொல்லி, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். இதை உன்னிடம் மறைக்கக்கூடாது என்றுதான் இந்தக் கடிதமே. வேறு யாராவது சொல்லி நீ கேட்கவேண்டாம்.

சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். வாசலில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் வாசல்படியில் மூடிபோட்ட ஒரு குடம் தண்ணீர். துர்காதேவி வைத்திருக்கிறாள். எதற்கம்மா என்று கேட்டதற்கு, "உனுக்கு இல்லண்ணே. ரத்தினாக்கா எப்ப வேணா வரும், வந்தா ஊட்ல தண்ணி இருக்கணும்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அந்தக் குடத்தை எங்கே போய்ப் பிடித்தாளோ. நான் அதைத் தொடவில்லை. தாகத்துக்குக் கடையில் பாட்டில் வாங்கினேன்.

நாராயணவனம் கோயிலுக்குப் போகிற தணிகாசலத்திடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். மாத்திரைதான். திருப்பி அனுப்பிவிடாதே, முதலில் இதைப் படி. இது கார்டில் வாங்கினது இல்லை. சைக்கிளை விற்றுவிட்டேன். அது கல்யாணத்துக்கு உங்கள் அப்பா போட்டது, மோகன்ராஜுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெடிக்கல் கடையில் வாங்கின பில்லும் உள்ளே இருக்கிறது, தேதியைப் பார்த்துக்கொள். விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து இரண்டாகச் சாப்பிடாதே, வழக்கம்போல ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னார். அண்ணியிடம் சொல்லி இடது கையை உயரமாக வைத்துப் படு. அங்கே கிணற்றில் நீ சேந்தாதே.

ஸ்கேனைச் சைக்கிள் விற்று எடுக்க முடியாது. அதற்குக் கார்டு வேண்டும், கார்டு வேண்டுமானால் இந்த வேலை வேண்டும், வேலை வேண்டுமானால் நாளைக் காலையும் நாலு சுற்றுதான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழி இங்கேயே வந்து முட்டுகிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. வேலையை விடு என்று நீ எழுதினால் விட்டுவிடுகிறேன், ஆனால் ஸ்கேன் முடிந்த பிறகு எழுது. அதற்கு முன்னால் எழுதினால் நான் படிக்கமாட்டேன்.

ஸ்கேன் வருகிற இருபத்தியிரண்டாம் தேதி, காலை எட்டு மணி. வீட்டுக்கு வா என்று நான் கேட்கவில்லை, அந்த வாயில்லை எனக்கு. மச்சானோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு, முடிந்ததும் அவரோடே திரும்பிப் போ. நான் கார்டை எடுத்துக்கொண்டு சீட்டு கொடுக்கிற இடத்தில் நிற்பேன். என்னோடு பேசவேண்டாம், என்னைப் பார்க்கவும் வேண்டாம். அங்கே புருஷன் பெயர் என்ன என்று கேட்பார்கள். அதை மட்டும் சொல்லிவிடு.

பெருமாள் உன்னை நூறு வயது வாழவைக்கட்டும்.

இப்படிக்கு
முனிகிருஷ்ணன்